இரண்டு விரற்கடை

முழக்கோல்காரருக்கு அன்று அது பதினேழாவது சந்து. முந்தைய பதினாறிலும் பக்கவாட்டில் நடந்து நடந்து, அகலமான இடத்துக்கு வந்த பிறகும் உடம்பு நேராகத் திரும்ப மறுத்தது. மத்தியானம் டீக்கடைக்குள் நண்டு மாதிரி நுழைந்தார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாசல் பெருசாத்தாங்க இருக்கு, தாராளமா வாங்க," என்றார். டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் சந்துக்குள் போய்விட்டார்.

அவருக்கு ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் வேலை. பழைய குடியிருப்பில் எந்தச் சந்தில் ஸ்ட்ரெச்சர் போகும், எதில் போகாது என்று அளந்து எழுத வேண்டும். கையில் ஓர் இரும்புக் குழாய். ஸ்ட்ரெச்சரின் அகலம் எவ்வளவோ, குழாயின் நீளமும் அவ்வளவு. அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு சந்தின் முனையிலிருந்து கடைசி வீட்டு வாசல் வரை மூன்று தடவை நடக்க வேண்டும். ஒரு தடவை கணுக்கால் உயரத்தில், ஒரு தடவை தொடை உயரத்தில், ஒரு தடவை தோள் உயரத்தில். எங்கும் முட்டாமல் போனால் தாளில் 'ஸ்ட்ரெச்சர்' என்ற கட்டத்தில் குறி. முட்டினால் 'நாற்காலி', அதாவது நோயாளியை உட்காரவைத்துத் தூக்கி வர வேண்டும். அந்தக் குழாயைப் பார்த்துத்தான் சந்து ஜனங்கள் அவருக்கு முழக்கோல் என்று பட்டம் கட்டினார்கள். அது முழமும் இல்லை, கோலும் இல்லை. ஆனால் பட்டம் கட்டுகிறவர்கள் என்றைக்கு அளந்து பார்த்துக் கட்டினார்கள்?

அந்தச் சந்துகளைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். ஒரு சந்தில் எதிரெதிர் வீட்டு ஜன்னல்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க முடியாது, கதவுகள் மோதிக்கொள்ளும். காலையில் ஒரு வீடு, மாலையில் மறு வீடு என்று முறை வைத்துக் காற்று வாங்கினார்கள். இன்னொரு சந்தில் எதிரே ஆள் வந்தால் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டியதில்லை. முழக்கோல்காரர் அன்று காலை அப்படி ஒரு வீட்டுக்குள் ஒதுங்கினார். உள்ளே ஒரு குடும்பம் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்து யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. "நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?" என்று ஒரு பெண் கேட்டாள். வழி விட்டதும் நியாயத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் பிறவி அளவைக்காரர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே குடியிருப்பில், 'ஸ்ட்ரெச்சர் போகும்' என்று தாளில் எழுதியிருந்த ஒரு சந்துக்குள் இவரும் இன்னொருவரும் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எழுதின புண்ணியவான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதியிருக்கிறான். பாதி வழியில் ஸ்ட்ரெச்சர் இரண்டு சுவருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கூட வந்தவர் கால் வழுக்கி விழ, மொத்தப் பாரமும் இவர் முதுகில் இறங்கியது. பிய்த்து எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெரியவரிடம் இருபது நிமிஷம் இருக்கவில்லை.

முதுகு போனதால் அலுவலகம் அவர் கையில் குழாயைக் கொடுத்தது. அன்றிலிருந்து அவர் ஒரு கொள்கை வைத்துக்கொண்டார். சந்தேகமான இடம் என்றால் குழாயை நம்ப மாட்டார். ஓர் ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். அலுவலகத்தில் இதை அவருடைய பைத்தியம் என்றார்கள். பெயர் எடுத்தபின் என்ன செய்வது, அப்படியே வைத்துக்கொண்டார்.

பதினேழாவது சந்தின் முனையில் வண்டி நின்றபோது மணி மூன்றரை. ஐந்து மணிக்குள் தாளை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வழக்கமாகக் கூட வரும் தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஓட்டுநர். நல்ல மனிதர், ஆனால் அவருடைய தொந்தி எந்தச் சந்து அளவையிலும் முதல் படியிலேயே தோற்றுவிடும். "நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டியைப் பாத்துக்கறேன்," என்று இருக்கையைச் சாய்த்துக்கொண்டார்.

சந்து முனையில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், இழுத்துக் கட்டிய தலைமுடி, கையில் மருத்துவமனைக் காகிதங்கள் அடங்கிய ஒரு பை. பத்து நாளாக அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, எங்கள் சந்தை அளக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டவள் இவள்தான். முழக்கோல்காரருக்கு முகம் நினைவிருந்தது.

"வந்துட்டீங்களா சார். எங்க மறுபடியும் தள்ளிப் போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேன்," என்றாள்.

விஷயம் இதுதான். அவள் கணவர் பூச்சு மேஸ்திரி. சுவருக்குச் சிமெண்டு பூசுவதில் கைராசிக்காரர். மூன்று மாதத்துக்கு முன்னால் விழுந்து இடுப்பெலும்பும் முதுகும் நொறுங்கி, ஆபரேஷன் ஆகி, வார்டில் படுத்திருக்கிறார். இன்னும் நாலைந்து மாதம் மட்டமல்லாக்கத்தான் படுத்திருக்க வேண்டும். உட்காரவே கூடாது. வார்டில் இனி இடமில்லை என்றுவிட்டார்கள். வீட்டு வாசல் வரை ஸ்ட்ரெச்சர் போகும் என்று தாள் வந்தால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள். வராவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கிற நீண்டகால நோயாளிகள் விடுதி. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள்தான் பார்க்க விடுவார்கள்.

"அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததா நான் கேள்விப்படலை சார். நல்லாப் பாத்துக்கறாங்களாம். ஆனா யாரும் திரும்பி வரலை," என்றாள்.

"அளந்து பாக்கலாம்மா," என்றார் அவர். அதற்குமேல் வாக்குக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

குழாயைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். அவள் பின்னாலேயே வந்தாள். முதல் பாதி ஒழுங்காகத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உரசியது. மேலே கொடியில் தொங்கிய துணிகள் தலையில் சொட்டின. இடதுபக்கம் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் கழற்றிப் போட்ட மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர். இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கதவைக் கடக்கும்போது அந்தம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டதை முழக்கோல்காரர் கவனித்தார்.

கதவைத் தாண்டி நாலடி போனதும் குழாய் 'டங்' என்று முட்டியது.

குனிந்து பார்த்தார். இடதுபக்கம் மின்விசிறிக்காரர் வீட்டுச் சுவர். சொறி பிடித்த மாதிரி அங்கங்கே உப்பி, வெடித்துக் கிடந்தது. வலதுபக்கம் மேஸ்திரி வீட்டுச் சமையலறைச் சுவர். அது கண்ணாடி. கையை வைத்தால் வழுக்கியது. இப்படி ஒரு பூச்சை, யாரும் நின்று பார்க்காத இந்த இருட்டுச் சந்தில் எதற்கு இவ்வளவு அக்கறையாகப் பூசினார் என்று தோன்றியது. அந்த வழவழப்பில் ஒரே ஒரு குறை. முழங்கை உயரத்தில் ஒரு நீளப் பள்ளம், சுவரோடு சுவராக ஆறேழு அடிக்கு ஓடியது. பூச்சு ஈரமாக இருந்தபோது எதுவோ உரசிக்கொண்டே போயிருக்கிறது. ஏதாவது மாடு புகுந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார்.

கணுக்கால் உயரத்தில் முட்டியது. தொடை உயரத்தில் முட்டியது. தோள் உயரத்தில் முட்டியது. விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு விரற்கடை குறைந்தது.

"இந்த இடம் மட்டும் எப்படிம்மா இவ்வளவு நெருங்குச்சு?"

அந்தம்மா பெருமூச்சு விட்டாள். "அது பெரிய கதை சார். அந்தப் பக்கத்து வீடு என் கொழுந்தனோடது. பாகம் பிரிச்சப்ப சந்து யாருக்குன்னு தகராறு. எங்க வீட்டுக்காரரு, இருக்கற சந்துல என் பங்கை நான் சுவராவே எடுத்துக்கறேன்னு ஒரு பூச்சு பூசினாரு. தம்பி சும்மா இருப்பானா? அவனும் பூசினான். அப்புறம் எப்ப எல்லாம் கோபம் வருதோ அப்ப எல்லாம் ஒரு பூச்சு. ஒரு வருஷம் மழைத்தண்ணி அவன் வாசல்ல நின்னுச்சு, ஒரு பூச்சு. ஒரு வருஷம் கல்யாணத்துக்குக் கூப்பிடலை, ஒரு பூச்சு. பதினொரு வருஷமா இப்படித்தான்."

முழக்கோல்காரர் சுவரை மறுபடியும் பார்த்தார். உலகத்தில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போவார்கள், மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கோபம் வந்தால் கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சுவருக்குச் சிமெண்டு அப்புகிற அண்ணன் தம்பியை அவர் பார்த்ததில்லை. இதில் மேஸ்திரி கோபத்திலும் தொழில் சுத்தம். மட்டப்பலகை வைத்து இழைத்திருக்கிறார்.

"போன தடவை பூசறப்பதான் விழுந்தாரு," என்று அவள் தொடர்ந்தாள். "பலகையோட ஒரு முனையை எங்க மாடிச் சுவர்ல வெச்சு, இன்னொரு முனையை அவன் வீட்டு ஜன்னல் விளிம்புல வெச்சு மேல நின்னிருக்காரு. அந்த விளிம்பு என்ன சிமெண்டா? வெறும் மணல். பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. நான் வேலைக்குப் போயிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து சந்து முனையிலேயே நின்னுடுச்சாம், ஸ்ட்ரெச்சர் உள்ள வராதுன்னு. எவனோ நாலு பேரு போர்வையில சுருட்டித் தூக்கிட்டுப் போனானுங்க. போர்வையில மடங்கித்தான் முதுகு இன்னும் மோசமாச்சுன்னு டாக்டரு சொன்னாரு. தூக்கினவனுங்க கையில கிடைச்சா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

திறந்திருந்த கதவுக்குள் கம்பி சுற்றும் சத்தம் நின்றுவிட்டது.

முழக்கோல்காரர் குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாளை எடுத்தார். அவர் எதை எழுதப் போகிறார் என்பது அவளுக்கு முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"சார், ஸ்ட்ரெச்சர்னு எழுதிடுங்க. ரெண்டு விரல்தானே. நான் ராத்திரிக்குள்ள இடிச்சுடறேன்."

"நாளைக்கு இடிக்கப் போறதை நான் இன்னைக்கு எழுத முடியாதும்மா."

"உங்க வீட்டு ஆளா இருந்தா எழுத மாட்டீங்களா?"

"என் வீட்டு ஆளா இருந்தா நிச்சயமா எழுத மாட்டேன். நடுவுல மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகப் பொத்தான் தைக்கிற ஆலைக்கும் வார்டுக்கும் அலைந்து, பெஞ்சுக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கி, எல்லோரிடமும் கும்பிடு போட்டு அடக்கி வைத்திருந்த கோபம். "ஒரு பேனாவை வெச்சுக்கிட்டு என்னமா ஆடறீங்க எல்லாரும்," என்றாள். "டாக்டர் ஒரு கட்டம் காட்டறாரு, ஆபீஸ்ல ஒரு கட்டம், இப்ப நீங்க ஒரு கட்டம். மனுஷன் எந்தக் கட்டத்துல சார் படுப்பான்?"

முழக்கோல்காரருக்கும் முதுகு விண்விண்ணென்று வலித்தது. சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. 'நாற்காலி' என்று குறி போட ஒரு நொடி ஆகாது.

அப்போது கதவிலிருந்து தம்பிக்காரர் வெளியே வந்தார். கையில் சுத்தியல். முழக்கோல்காரர் நடுவில் நின்றதால் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையில் வசமாக மாட்டிக்கொண்டார். ஒதுங்க இடமில்லை.

"சார், என் பக்கத்து பூச்சை நான் தட்டி எடுத்துடறேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார் தம்பிக்காரர்.

அவங்க என்பவள் ஓரடி தூரத்தில் நின்றிருந்தாள்.

"மூணு மாசம் முன்னாடி எடுத்திருக்கலாமேன்னு கேளுங்க," என்றாள் அவள்.

"இப்ப நேரம் இல்லை, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லுங்க."

"நான் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றார் முழக்கோல்காரர். "மணி நாலாகப் போவுது. தட்டறதா இருந்தா தட்டுங்க."

தம்பிக்காரர் தட்டினார். மூன்றாவது அடியிலேயே பூச்சு ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. மணல்தான். பதினொரு வருஷத்துக் கோபம் கால்மணி நேரத்தில் காலடியில் குவியலாகக் கிடந்தது, உள்ளே செங்கல் தெரிந்தது. புழுதி அடங்கியதும் முழக்கோல்காரர் குழாயைப் பிடித்துப் பார்த்தார். ஒரு விரற்கடை கிடைத்திருந்தது. இன்னும் ஒன்று வேண்டும்.

அந்தம்மா யாரையும் எதுவும் கேட்காமல் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து தன் வீட்டுச் சுவரைக் குத்தினாள். 'ணங்' என்று எகிறியது. இன்னொரு குத்து. நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். வீம்புக்குப் பூசினாலும் மேஸ்திரி கலவையில் வஞ்சனை வைக்கவில்லை. நாலு குத்திலேயே அவள் கை சோர்ந்துவிட்டது. கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு சுவரிலேயே நெற்றியை வைத்தாள்.

"நல்லாத்தான் பூசியிருக்கான் பாவி," என்றாள்.

அந்த நேரத்தில்தான் முழக்கோல்காரரின் கண் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. அவள் தலைக்குக் கீழே, முழங்கை உயரத்தில் ஓடிய அதே பள்ளம். விரலை உள்ளே வைத்துப் பார்த்தார். ஒரு விரற்கடை ஆழம்.

குழாயை எடுத்தார். விதிப்படி கணுக்கால், தொடை, தோள். முழங்கை உயரம் விதியில் இல்லை. யார் அந்த உயரத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறார்கள்? குழாயின் ஒரு முனையைச் செங்கல்லில் வைத்து, மறுமுனையைப் பள்ளத்தில் வைத்தார். உட்கார்ந்துகொண்டது. மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடந்தார். குழாய் உரசியது, முனகியது, ஆனால் நிற்காமல் கடைசிவரை வந்துவிட்டது.

"இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியலை சார். அன்னைக்கு ஈரமா இருந்தப்ப ஆனது. நான் பாக்கறப்ப இறுகிப் போயிருந்துச்சு."

முழக்கோல்காரர் இருபத்திரண்டு வருஷம் ஆட்களைத் தூக்கியவர். போர்வையில் தூக்கும்போது தலைப்பக்கம் பிடிக்கிறவன் பின்பக்கமாகவே நடப்பான், பாரத்தில் முழங்கை வெளியே தள்ளும், எங்கே உரசினாலும் கையை விட முடியாது. அவர் திரும்பித் தம்பிக்காரரின் கையைப் பார்த்தார். மடித்துவிட்ட சட்டைக்குக் கீழே, வலது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்று, வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஈரச் சிமெண்டு தின்ற தோல் அப்படித்தான் ஆறும்.

"தலைப்பக்கம் பிடிச்சது நீங்களா?"

தம்பிக்காரர் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாரு இருக்காங்க," என்றார்.

அந்தம்மா கடப்பாரையைக் கீழே வைத்தாள். தூக்கினவனுங்க என்று சற்று முன்னால் தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும்.

"ஸ்ட்ரெச்சரை உள்ள விட முடியலை," என்றார் தம்பிக்காரர். இந்தத் தடவை நேராக அவளைப் பார்த்து. "அண்ணன் முனகிக்கிட்டே கிடந்தான் அண்ணி. எனக்கு வேற எதுவும் தோணலை. மடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை."

"வேற வழி இல்லாதப்ப தூக்கினவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன்," என்றார் முழக்கோல்காரர். அவருக்கு அது அந்த இரண்டு பேருக்கும் மட்டும் சொன்ன பேச்சாகப் படவில்லை. "சரி. குழாய் உள்ள போயிடுச்சு. ஆள் போகுதான்னு பாக்கணும். வண்டியில மடக்கு ஸ்ட்ரெச்சர் இருக்கு."

ஸ்ட்ரெச்சர் வந்தது. யாரைப் படுக்கவைப்பது? தூக்க இரண்டு பேர் வேண்டும். இருப்பது மூன்று பேர்.

"நீங்கதாம்மா படுக்கணும்."

"நானா? நான் என்ன சார் நோயாளியா?"

"உங்க வீட்டுக்காரர் உங்களைவிட எடை கூட இருப்பாரா?"

"முன்னாடி இருந்தாரு. இப்ப வார்டுல இளைச்சு என் மாதிரிதான் இருக்காரு." சொல்லிவிட்டு யோசித்தாள். "இருந்தாலும் கொஞ்சம் கூடவே வெச்சுப் பாருங்க."

வீட்டு வாசலில் அந்தக் கடைசிப் பூச்சுக்கு வாங்கி மிச்சமான சிமெண்டு அரை மூட்டை கிடந்தது, கல்லாக இறுகி. தம்பிக்காரர் அதைப் புரட்டிக்கொண்டு வந்து ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் வைத்தார். சந்து முனையில், முன்பின் தெரியாத ஓட்டுநர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்க, அந்தம்மா கூச்சத்தோடு புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தாள். காகிதப் பையை மட்டும் விடவில்லை. மார்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

தம்பிக்காரர் கேட்காமலே தலைப்பக்கம் போய் நின்றார். முழக்கோல்காரர் கால்பக்கம் பிடித்தார். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆயிற்று. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். இடுப்பில் ஒரு கத்தி இறங்கினாற்போல் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

முதல் பாதி சுலபமாகப் போயிற்று. தண்ணீர்க் குழாயிடம் ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். ஈரத் துணிகளுக்கு அடியில் போனபோது ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு கூரைகளுக்கும் நடுவில் நாடா அகலத்துக்கு வானம் தெரிந்தது.

நெருக்கமான இடம் வந்தது. "நில்லுங்க. இப்ப முழங்கைக்கு ஏத்துங்க," என்றார் முழக்கோல்காரர். கையை மடக்கி அந்த உயரத்துக்குக் கொண்டு வந்து, ஒரு விரல் ஏறாமல் இறங்காமல் ஆறேழு அடி நடக்க வேண்டும். மடக்கிய கையில் பாரம் இரண்டு மடங்காகத் தெரியும். தம்பிக்காரர் பின்பக்கமாக நடந்தார், அன்றைக்கு நடந்த மாதிரியே. அவருடைய முழங்கை பள்ளத்தை ஒட்டியே போயிற்று. ஸ்ட்ரெச்சரின் சட்டம் பள்ளத்துக்குள் நுழைந்து உரசிக்கொண்டு வந்தது. முழக்கோல்காரருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நிற்கவில்லை.

தாண்டிவிட்டார்கள். மேஸ்திரி வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி போடுமளவு இடம் இருந்தது. அங்கே ஸ்ட்ரெச்சரை மெதுவாக இறக்கினார்கள். முழக்கோல்காரர் படியில் சரிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"அவ்வளவுதாம்மா. எழுந்திருங்க," என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

பழக்கதோஷத்தில் அவர் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நாடி நிதானமாக, ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பையைப் பிடித்த கை தளர்ந்து, பை மார்மேல் ஏறி இறங்கியது. தூங்கிவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக முதுகை நேராக வைத்துப் படுத்தவள், நாற்பதடி தூரத்துக்குள் தூங்கிவிட்டாள்.

"எழுப்பட்டுமா?" என்று தம்பிக்காரர் கிசுகிசுத்தார்.

"வேணாம்."

முழக்கோல்காரர் முழங்காலில் தாளை வைத்து 'ஸ்ட்ரெச்சர்' கட்டத்தில் குறி போட்டார். குறிப்பு என்ற இடத்தில், 'கடைசி ஏழு அடி முழங்கை உயரத்தில் தூக்க வேண்டும். ஆள் படுக்கவைத்துச் சோதித்தது' என்று எழுதினார். கீழே ஒரு கோடு மிச்சம் இருந்தது. நோயாளியின் உறவினர் கையெழுத்து. அவளுக்காக விட்டிருந்தது. அவர் தூங்குகிறவளைப் பார்த்தார், பிறகு மணியைப் பார்த்தார். நாலு நாற்பது.

தாளையும் பேனாவையும் தம்பிக்காரரிடம் நீட்டினார்.

தம்பிக்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'உறவு' என்று ஒரு சின்னக் கட்டம். அதன்மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'தம்பி' என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"நாளைக்குத் தலைப்பக்கம் நான்தான் பிடிப்பேன்," என்றார். "உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

முழக்கோல்காரர் ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி சந்தில் நடந்தார். வண்டியில் ஏறியதும் ஓட்டுநர், "ஸ்ட்ரெச்சர் எங்க?" என்றார்.

"ஆள் படுத்திருக்கு. காலையில எடுத்துக்கலாம். வேகமா விடுங்க, அஞ்சுக்குள்ள போகணும்."

வண்டி திரும்பும்போது அவர் சந்துக்குள் ஒரு தடவை பார்த்தார். ஆலை விட்டுத் திரும்புகிற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்திருந்தார்கள். உடைந்த பூச்சுக் குவியலுக்கு முன்னால் தம்பிக்காரர் குறுக்கே நின்றுகொண்டு, இரண்டு சுவரிலும் கையை ஊன்றி அவர்களை மறித்தார்.

"சத்தம் போடாதீங்க. அண்ணி தூங்கறாங்க," என்று அவர் சொன்னது வண்டி வரைக்கும் கேட்டது. "சுத்திக்கிட்டுப் போங்க."